அரசியல் அறிவியலா, சட்டக் கல்லூரியா, தபால் வழியா? அரசமைப்பைப் படிக்க நினைக்கிற பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் காலையிலேயே அக்கா மகள் போன் செய்தாள். “மாமா, எனக்கு அரசியல் சட்டம் படிக்கணும். பி.ஏ. பொலிட்டிக்கல் சயின்ஸ்ல சேரட்டுமா, லா காலேஜுக்குப் போடட்டுமா?” என்றாள். பின்னாலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: “தபால்ல பட்டம் வாங்கிக்கிட்டே டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கலாம்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்கடா, அதையும் கேளு.” ஒரே போனில் மூன்று வழியும் வந்துவிட்டது.

மூன்றையும் நான் ஓரளவு அறிவேன். அரசுக் கல்லூரியில் தமிழ் வழியில் பி.ஏ. அரசியல் அறிவியல் படித்தேன். அதற்குப் பிறகு மூன்றாண்டு எல்எல்.பி. முடித்து, இப்போது மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இந்திய ஆட்சியியல் எடுக்கிறேன். அவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலையில் பட்டம் படிப்பவர்கள். அவளுக்குச் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்கும் வீடுகள் நிறைய இருக்கும்.

முதலில், எதைப் படிக்கப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். இந்தப் படிப்பில் இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று கருத்துகள்: அரசு எதற்கு, அதற்கு நான் ஏன் கீழ்ப்படிய வேண்டும், சுதந்திரம் எதுவரை செல்லும், சமத்துவம் யாருக்கும் யாருக்கும் இடையில், நீதி என்று எதைச் சொல்கிறோம். ஹாப்ஸ், லாக், ரூசோ, மில், மார்க்ஸ், ரால்ஸ், அம்பேத்கர் என்று சிந்தனையாளர்கள் எல்லோரும் இங்கே வருகிறார்கள். இன்னொன்று அரசமைப்பு ஆட்சி: ஆள்பவரின் அதிகாரத்தை எழுதி வைத்த விதிகளுக்குள் கட்டுவது எப்படி, நாடாளுமன்றம் எதுவரை, நீதிமன்றம் எதுவரை, ஒன்றியம் எதுவரை, மாநிலம் எதுவரை. 1949 நவம்பர் 26 அன்று 395 பிரிவுகளோடும் 8 அட்டவணைகளோடும் ஏற்றுக்கொள்ளப்பட்ட நம் அரசமைப்புதான் இதற்கு நமக்குக் கிடைத்த பெரிய பாடநூல்.

முதல் பாதியை மட்டும் படித்தவருக்கு ‘சுதந்திரத்தின் வகைகள்’ என்று பத்து மதிப்பெண் விடை எழுத வரும். தெருவில் ஒருவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன்னால் நிறுத்த வேண்டும் என்று 22-ஆவது பிரிவு சொல்வது தெரியாது. இரண்டாவது பாதியை மட்டும் படித்தவருக்கு 22 மனப்பாடமாக இருக்கும். அதே 22-க்குள், உரிமைகள் அத்தியாயத்தின் நடுவிலேயே, விசாரணையில்லாத தடுப்புக் காவலுக்கும் இடம் வைத்திருக்கிறார்களே, அது எப்படி என்று கேட்கத் தோன்றாது. இரண்டு பாதியும் ஒன்றோடொன்று உரசும்படி எங்கே படிக்கக் கிடைக்கிறதோ, அதுதான் நல்ல வழி என்பது என் கட்சி. கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்த அளவுகோலில்தான்.

ஒரே தீர்ப்பு, மூன்று இடங்களில்

மூன்று வழிகளும் எப்படி வேறுபடுகின்றன என்று பாடத்திட்டத்தை அடுக்கிச் சொல்வதைவிட, ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு காட்டிவிடலாம். நம் மண்ணிலிருந்து போன வழக்கு: சென்னை மாநிலம் எதிர் செண்பகம் துரைராஜன், 1951.

அப்போது சென்னை மாநிலத்தில் மருத்துவம், பொறியியல் இடங்கள் வகுப்புவாரி அரசாணைப்படி நிரப்பப்பட்டன. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவ இடம் தொடர்பாகச் செண்பகமும், பொறியியல் இடம் தொடர்பாகச் சீனிவாசன் என்பவரும் வழக்குப் போட்டார்கள். நலிந்த பிரிவினரின் கல்வி நலனைக் காக்கச் சொல்லும் 46-ஆவது பிரிவைக் காட்டி அரசு வாதாடியது. உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள், அரசு உதவி பெறும் கல்வி நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழி காரணமாக மட்டுமே இடம் மறுக்கக் கூடாது என்ற 29(2)-ஐ முன்வைத்து அரசாணையை ரத்து செய்தார்கள். மாநிலம் கொந்தளித்தது. ஏப்ரலில் தீர்ப்பு, ஜூனில் முதல் அரசமைப்புத் திருத்தம். பிற்படுத்தப்பட்டோருக்கு அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) உட்பிரிவு அப்படிப் பிறந்ததுதான்.

நல்ல அரசியல் கோட்பாட்டு ஆசிரியர் கையில் இது கிடைத்தால் வகுப்பு ஒரு வாரம் போகும். சமத்துவம் என்றால் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதா, இல்லை சமமாக இல்லாதவர்களைச் சமமாக்குவதா? இடம் கோருவது தனிமனிதரா, சமூகமா? ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்யும் என்றால், அது கடைசியில் நிற்பவருக்கு நன்மை தர வேண்டும் என்று ரால்ஸ் சொல்வது இங்கே பொருந்துமா? அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மை என்ற முரண்பாட்டோடு குடியரசுக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை ஒன்றரை ஆண்டுக்குள் கண்முன்னே வழக்காக வந்து நிற்கிறதே என்று மாணவருக்குப் புரியும்.

சட்ட வகுப்பில் இதே வழக்கு வேறு முகம் காட்டும். வேலைவாய்ப்பு பற்றிய 16-ஆவது பிரிவில் இடஒதுக்கீட்டுக்கு 16(4) இருந்தது, கல்வி பற்றிய பகுதியில் அப்படி ஒன்று இல்லை, அந்த இல்லாமையை நீதிமன்றம் எப்படிப் படித்தது? அடிப்படை உரிமைகள் ஒருபக்கம், அரசுக்கு வழிகாட்டும் நெறிகள் மறுபக்கம், மோதினால் எது மேலே? அப்புறம் இழை நீண்டுகொண்டே போகும். 16(4) விதிவிலக்கு அல்ல, சமத்துவத்தின் ஒரு பகுதியே என்ற பார்வையை முன்வைத்த 1975-இன் என்.எம். தாமஸ் வழக்கு, இடஒதுக்கீட்டுக்கு 50 சதவீத வரம்பைச் சொன்ன 1992-இன் இந்திரா சஹானி வழக்கு, தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டைக் காக்க அதன் சட்டத்தை 1994-இல் 76-ஆவது திருத்தம் மூலம், நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களைக் காக்கும் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது, அந்த அட்டவணையையும் நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2007-இல் ஐ.ஆர். கோயெலோ எதிர் தமிழ்நாடு வழக்கில் சொன்னது. தீர்ப்பில் எது கட்டுப்படுத்தும் காரணம், எது போகிற போக்கில் சொன்னது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வரும்.

தொலைநிலைப் பாடப் புத்தகத்தில் இது சில வரிகளில் முடிந்துவிடும். குறைசொல்ல எதுவும் இல்லை, சுருக்கமாகச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எதிரே உட்கார்ந்து “அப்படியென்றால் அரசாணை நியாயம்தானே சார்?” என்று கேட்கவும், “சரி, செண்பகத்தின் இடத்தில் நீ இருந்தால்?” என்று திருப்பிக் கேட்கவும் ஆள் இருக்காது.

பி.ஏ. அரசியல் அறிவியல்

இந்தப் படிப்பின் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டு. அரசுக் கல்லூரி என்றால் கட்டணம் மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். சட்டக் கல்லூரியில் சேர்ந்தாலும் இது உண்டு. ஆகவே அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இந்தப் படிப்பின் பலம் அகலம். அரசியல் கோட்பாடு, மேற்கத்திய அரசியல் சிந்தனை, இந்திய அரசியல் சிந்தனை, இந்திய அரசமைப்பு, பிற நாட்டு அரசாங்கங்கள், பன்னாட்டு உறவுகள், பொது நிர்வாகம் என்று எல்லாப் பக்கமும் கதவு திறக்கும். பிரிட்டனுக்கு ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசமைப்பு இல்லை, அங்கே நாடாளுமன்றமே மேலானது. அமெரிக்காவில் எழுதிய அரசமைப்பு மேலானது, ஜனாதிபதி அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்குள் உட்காருவதில்லை. நாம் பிரிட்டனின் அமைச்சரவை முறையையும் சட்டத்தை நீதிமன்றம் ஆராய்ந்து ரத்து செய்யலாம் என்ற அமெரிக்காவின் நீதிப்புனராய்வையும் ஒரே வீட்டில் குடிவைத்தோம். அரசமைப்பைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு எதுவரை அதிகாரம் என்று 1967-இன் கோலக்நாத் வழக்கிலிருந்து 1973-இன் கேசவானந்த பாரதி வழக்கு வரை நடந்த மோதல் ஏன் வந்தது என்பது இந்த ஒப்பீட்டைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நாடாளுமன்றமும் நீதிமன்றமும் தம் தம் முறைப்படி ‘நானே இறுதி’ என்று சொல்லக் காரணம், இரண்டு வேறு மரபுகள் இங்கே சந்தித்ததுதான். சட்டக் கல்லூரியில் இதை யாரும் எனக்கு இவ்வளவு நிதானமாகச் சொல்லித்தரவில்லை.

கூட்டாட்சி என்ற கருத்தும் அப்படியே. ‘மாநிலங்களின் ஒன்றியம்’ என்று முதல் பிரிவு சொல்வதற்கு என்ன பொருள்? தமிழ்நாட்டில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைப் படிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. ஒன்றிய, மாநில உறவை ஆராய 1969-இல் ராஜமன்னார் குழு அமைக்கப்பட்டது, 1971-இல் அறிக்கை வந்தது. 1976-லும் 1991-லும் மாநில அரசு 356-ஆவது பிரிவின் கீழ் கலைக்கப்பட்டது. 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். இவற்றை வரிசையாக வைத்துப் படிக்கும் மாணவருக்குக் கூட்டாட்சி என்பது வெறும் வரையறையாக இருக்காது, வீட்டில் தாத்தா பேசக் கேட்ட கதையாகவே இருக்கும்.

இனி குறை. நான் படித்த கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முழுவதும் நிரந்தர ஆசிரியர் ஒருவர்தான். மற்ற வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள் எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் அருமையாக நடத்துவார், ஆனால் ஆண்டு நடுவிலேயே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். செமஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஜெராக்ஸ் கடையில் கைடு வாங்குவோம். ‘இறையாண்மையின் இயல்புகள் யாவை?’ என்றால் ஆறு தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி. இப்படிப் படித்தால் மூன்று ஆண்டு முடிந்தும் அரசமைப்பின் ஒரு பிரிவைக்கூட மூலத்தில் வாசிக்காமல் பட்டம் வாங்கிவிட முடியும். என்னோடு படித்தவர்களில் பலர் அப்படித்தான் வாங்கினார்கள். அவர்கள் மேல் தவறில்லை, எங்களிடம் மூலத்தை வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரையும் கட்டடத்தையும் பார்ப்பதைவிட, அங்கே படிக்கும் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் பேசிவிடுங்கள். துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், நூலகத்தில் அரசமைப்பின் தற்போதைய பதிப்பு இருக்கிறதா, கடைசியாக வகுப்பில் எந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசினார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் வந்தால்கூட அது நல்ல துறை.

பட்டத்தோடு நேரடியாக வேலை கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும், அதில் ஆட்சியியல் பகுதி இவர்களுக்குச் சுலபம். குடிமைப் பணித் தேர்வில் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் சேர்ந்த விருப்பப் பாடம் 500 மதிப்பெண்ணுக்கு உண்டு. ஆசிரியராக நினைத்தால் முதுகலை, பி.எட்., அல்லது கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட், செட் வரை சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி.

பிளஸ் டூ முடித்து நேராகச் சேரலாம். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம். திருச்சியிலுள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் நுழைவுத் தேர்வு வேண்டும், செலவும் பல மடங்கு. எங்கள் குடும்பத்துக்கு முதலாவதுதான் சாத்தியம், இதைப் படிக்கும் பல குடும்பங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

இந்தப் படிப்பிலும் அரசியல் அறிவியல் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் வரலாறு, பொருளாதாரம், சமூகவியலோடு சேர்ந்து அந்தத் தாள்களும் வரும். ஆனால் அது வாசல்படி மாதிரி, தாண்டிப் போய்விடுவார்கள். ஒப்பந்தச் சட்டம், குற்றவியல், சொத்துரிமை, குடும்பச் சட்டம் என்று பாரம் ஏற ஏற ஹாப்ஸையும் ரூசோவையும் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. பிற்பாடு சட்டவியல் தாளில் நீதி, உரிமை, கடமை எல்லாம் வேறு உடையில் வரும்.

ஆனால் அரசமைப்பு என்ற பாதியை இவ்வளவு ஆழமாகக் கற்றுத்தரும் வேறு இளங்கலைப் படிப்பு இல்லை. ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம், 1950: கம்யூனிஸ்ட் தலைவரைத் தடுப்புக் காவலில் வைத்த வழக்கு. 21-ஆவது பிரிவிலுள்ள ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்றால் சட்டமன்றம் எதை எழுதினாலும் அதுவா, அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டுமா? எழுதினால் போதும் என்றது அன்றைய பெரும்பான்மை. 28 ஆண்டு கழித்து மேனகா காந்தி வழக்கில், அது நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஒரு சொற்றொடரின் மேல் ஒரு தலைமுறை நடத்திய வாதம் இது. இதைத் தீர்ப்பின் மூலத்தில் படிப்பதற்கும், கைடில் ஒரு வரியாகப் படிப்பதற்கும் உள்ள தூரத்தை அனுபவித்தவன் என்பதால் சொல்கிறேன்.

அண்மைய உதாரணமும் நம்முடையதே. தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றி, ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் கருதிக்கொள்ள அரசமைப்பில் இடமில்லை, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று கருத்துத் தெரிவித்தது. மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவது பற்றிய 200-ஆவது பிரிவின் சில வரிகள்தான் இவ்வளவுக்கும் அடி. சட்ட மாணவர் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படிக்க வேண்டும், மூட் கோர்ட் என்ற மாதிரி நீதிமன்றத்தில் இரண்டு பக்கமும் நின்று வாதாட வேண்டும். ஆளுநர் பதவி என்ற ஒன்று எதற்கு, தேர்ந்தெடுக்கப்படாத ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையை எதுவரை நிறுத்திவைக்கலாம் என்ற பெரிய கேள்வியை மட்டும் அவர் தானாகத்தான் எழுப்பிக்கொள்ள வேண்டும்.

காலக் கணக்கு: பி.ஏ. மூன்று, அதன் பிறகு எல்எல்.பி. மூன்று, ஆக ஆறு ஆண்டு. நேராகச் சேர்ந்தால் ஐந்து. ஓர் ஆண்டு மிச்சம். ஆனால் ஐந்தாண்டுப் படிப்பை இரண்டாம் ஆண்டில் பிடிக்கவில்லை என்று விட்டால் கையில் ஒன்றும் இருக்காது. மூன்றும் மூன்றுமாகப் போனால் நடுவில் ஒரு பட்டம் கையில் நிற்கும், அங்கே நின்று யோசிக்கலாம். பதினேழு வயதில் முடிவு எடுக்கத் தயங்கும் பிள்ளைக்கு இந்த ஓர் ஆண்டு வீண் செலவு இல்லை.

படிப்பு முடிந்தவுடன் சம்பாத்தியம் என்றும் எண்ண வேண்டாம். பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு, அப்புறம் சீனியரிடம் ஜூனியராகச் சில ஆண்டு. முதல் ஆண்டில் என் சீனியர் கொடுத்தது பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருந்தது. நீதிபதித் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டுகளைத் தாங்க வீட்டில் வழி இருக்கிறதா என்பதையும் இப்போதே பேசிவிடுவது நல்லது.

தொலைநிலை

வேலைக்குப் போகவேண்டிய கட்டாயம் இருக்கிற பிள்ளைக்கு இது வரம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் பாடநூல்கள் தரமானவை. அரசியல் கோட்பாட்டுக்கு அறிமுகம், கோட்பாட்டின் கருத்துகளும் விவாதங்களும், இந்தியாவில் அரசமைப்பு ஆட்சியும் ஜனநாயகமும் என்று இந்தப் படிப்பின் இரண்டு பாதிக்கும் தனித்தனித் தாள்கள் வைத்திருக்கிறார்கள். புத்தகங்களை அவர்களுடைய இணையக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கல்லூரியில் சேர்ந்து படிக்கும் பிள்ளைகளும் கைடைத் தூக்கிப் போட்டுவிட்டு இதைப் படிக்கலாம் என்பேன். மதிப்பெண்ணில் 30 சதவீதம் ஒப்படைப்புக்கு, 70 சதவீதம் தேர்வுக்கு. தமிழில் வேண்டும் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம்.

மூன்று எச்சரிக்கைகள். எந்தப் பல்கலைக்கழகமானாலும், நீங்கள் சேரும் அந்த ஆண்டுக்கு, அந்தப் பாடத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கினால் பின்னால் சட்டம் படிப்பதில் சிக்கல் வரும். சட்டப் படிப்பைத் தொலைநிலையில் படித்து வழக்கறிஞராக முடியாது, அப்படி யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம்.

பட்டத்துக்கு மதிப்புக் குறைவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அனுமதி பெற்ற படிப்பானால் அரசுத் தேர்வுகளுக்கு அது செல்லும். என் கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் பிரிவு எண் கேட்டால் டக்கென்று வரும். 32 என்றால் நீதிப்பேராணை, 280 என்றால் நிதிக்குழு. ஒன்றிய வரி வருவாயில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைப்பது நிதிக்குழு; அது இல்லாவிட்டால் மாநிலத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டால் அமைதி. அவர்களோடு உட்கார்ந்து யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். தொலைநிலையில் படித்தே தீரவேண்டும் என்றால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாரம் ஒருமுறையாவது வாய்விட்டு விவாதியுங்கள். கோவில் மண்டபமோ, கிளை நூலகமோ போதும்.

டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு க்யூட் நுழைவுத் தேர்வு வழியே போகலாம். கோட்பாட்டைத் தீவிரமாகப் படிக்க நல்ல இடம்தான். விடுதி, பயணம், மொழி எல்லாவற்றுக்கும் வீடு தயார் என்றால் தயங்காமல் போங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

தமிழ் வழியா, ஆங்கில வழியா

இதைத் தனியாக எழுதக் காரணம், பலர் சேர்ந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். தமிழ்நாடு அரசின் நேரடி நியமனங்களில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010-இன் சட்டம் அது. பிந்தைய திருத்தத்தின்படி பள்ளியில் தொடங்கிப் பட்டம் வரை தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, பெருமைக்காகப் பட்டத்தை மட்டும் ஆங்கில வழிக்கு மாற்றினால், பட்டம் கேட்கும் பதவிகளில் அந்த முன்னுரிமை போய்விடும். அரசுத் தேர்வுதான் குறி என்றால் இது பெரிய விஷயம்.

படிப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் தமிழில் யோசிப்பது கருத்துகளுக்கு நல்லது என்பது என் அனுபவம். ஆங்கிலத்தில் ‘ஸ்டேட்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. தமிழில் அரசு வேறு, மாநிலம் வேறு. அரசு வேறு, அரசாங்கம் வேறு என்பதையும் தமிழ் மாணவர் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். நீதி, நியாயம் என்று இரண்டு சொல் நம்மிடம் இருக்கிறது. “சட்டப்படி நீதி கிடைத்தது, ஆனால் நியாயம் இல்லை” என்று நம் ஊர்ப் பெரியவர் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியத்தை விளக்க ஒரு முழு வகுப்பு எடுக்கலாம். மறுபக்கம், ‘லிபர்ட்டி’க்கும் ‘ஃப்ரீடம்’க்கும் நாம் சுதந்திரம் என்றே எழுதிவிடுகிறோம், அங்கே கவனம் வேண்டும். ஒரு நூலில் அரசமைப்பு, இன்னொன்றில் அரசியலமைப்பு, மூன்றாவதில் அரசியல் சாசனம் என்று இருக்கும். மூன்றும் ஒன்றுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள்.

ஆனால் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் இப்போது தீர்ப்புகளைத் தமிழிலும் மொழிபெயர்த்து வெளியிட்டு வருகிறது என்றாலும், வழக்கறிஞராக நினைப்பவர் ஆங்கில வாசிப்பிலிருந்து தப்ப முடியாது. தமிழ் வழியில் சேருங்கள், தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத் தீர்ப்பு அகராதியோடு வாசியுங்கள். நான் சட்டக் கல்லூரியில் முதல் ஆறு மாதம் பட்ட பாட்டை அந்த ஒரு பக்கம் மிச்சப்படுத்தியிருக்கும்.

அவளுக்கு என்ன சொன்னேன்

என் மனதில் அவளுக்கு பி.ஏ.தான் இருந்தது. தமிழ் வழியில், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், நல்ல துறையுள்ள கல்லூரியில் சேர்ந்து, பாடத்தோடு தீர்ப்புகளையும் வாசித்து, மூன்று ஆண்டு முடிவில் சட்டமா, முதுகலையா, தேர்வா என்று முடிவு செய்யட்டும். கருத்துகளோடு கொஞ்ச காலம் அவசரமில்லாமல் இருக்க வாழ்க்கையில் இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்காது. சட்டத்தில்தான் உயிர் என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்தாண்டுப் படிப்பு. சம்பாதித்தே ஆகவேண்டும் என்றால் மட்டும் தொலைநிலை.

இருந்தாலும் விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலை கொடுத்தேன். செண்பகம் துரைராஜன் தீர்ப்பு நீளமானது இல்லை, அகராதியோடு உட்கார்ந்தால் ஒரு மத்தியானத்தில் முடியும். அதை வாசித்துவிட்டு முதலில் என்ன கேள்வி தோன்றுகிறதோ அதை அப்படியே எனக்குச் சொல் என்றேன். ‘அரசாணை நியாயமா?’ என்று வந்தால் ஒரு வழி, ‘எந்தப் பிரிவின் கீழ்?’ என்று வந்தால் இன்னொரு வழி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ராத்திரி ஒன்பது மணிக்கு அழைத்தாள்.

“மாமா, அந்தம்மா மெடிக்கல் சீட்டுக்கு அப்ளிகேஷனே போடலைன்னு இதுல இருக்கே. சீட்டே கேட்காதவங்க கேஸ் எப்படி நின்னுச்சு?”

எனக்குப் பேச்சு வரவில்லை. அரசுத் தரப்பு அந்த ஆட்சேபத்தை எழுப்பவில்லை, அவர் ஜெயித்தால் ஓர் இடம் ஒதுக்கித் தருவதாகவும் ஒப்புக்கொண்டது, அதனால் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது என்று விளக்கினேன். “ஏன் எழுப்பலை? எழுப்பியிருந்தா ஜெயிச்சிருக்கலாமே?” என்றாள். அரைமணி நேரம் பேசினோம். போனை வைக்கும்போது, நாளைக்குக் காலையில் மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு வா, கலைக் கல்லூரிக்குப் போடும்போதே சட்டக் கல்லூரிக்கும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்றேன்.